உண்மை விளம்பி வாங்கிய மதிப்பெண்

இந்த ஊருக்கு மரியாதை கற்றுக்கொடுக்காமல் விடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது என் வாயில் பாதி உருளைக்கிழங்கு இருந்தது. மிச்சம் சட்டையில். அவ்வளவு கோபம்.

காரணம் என் கைபேசி. எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினர் வெர்ன் பெக்கலா, இணையத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பக்கத்தில், எல்லோரும் படிக்கிற இடத்தில், மேயரம்மாவைச் 'செத்த மீன்' என்று எழுதியிருந்தான். மேயரம்மா அவனை 'ஓட்டை வாளி' என்று திருப்பி எழுதியிருந்தாள். ஊரே கீழே வரிசையில் நின்று சிரித்திருந்தது.

"மார்லிஸ், இதைக் கேளு," என்றேன்.

"கேக்கறேன். முதல்ல முழுங்கு," என்றாள் என் மனைவி.

"ஊரை ஆளுறவங்க பேசுற பேச்சா இது? மரியாதை தெரியாத, மரம் கடிக்கிற பீவர் பல்லன்."

"பீவர் பல்லன்னு மேயரம்மா எழுதினாங்களா?"

"இல்ல, அது நான் சொல்றது."

"ஓ."

"வீட்டுக்குள்ள சொன்னா அது கருத்து. ஊர்ப் பக்கத்துல எழுதினாத்தான் அவமரியாதை."

"சரி," என்றாள் மார்லிஸ்.

எங்கள் வீட்டில் 'சரி' என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் இல்லாத பொருள் ஒன்று உண்டு. அது என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில், மின்னசோட்டாவின் வட கோடியில், ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஹார்ஸ்லி பே. ஊருக்கு நன்றாகத் தெரிந்தது பனி. தெரியாதது பணிவு. குளிர்காலத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிற சறுக்குத் திடல்தான் எங்களுக்கு எல்லாம். அங்கே ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு நடுவராக நின்று விசில் ஊதியே என் முழங்கால் தேய்ந்தது. அந்தத் திடலை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டவேண்டும் என்று நகரசபையில் தீர்மானம் கொண்டுவந்தவன் இதே வெர்ன் பெக்கலா. எதிர்வீட்டுக்காரன். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அவன் மூஞ்சி. மூடினால் அவன் தேர்தல் பலகை.

அப்போதுதான் நூலகத்திலிருந்து ரொவீனா ஓபர்க் தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் நூலகர். மெல்லிய குரல், கெட்டியான மனசு.

"ஆரின், தேர்தல் வருது. வேட்பாளருங்க இணையத்துல அடிச்சுக்கிறதைப் பாத்தா வயிறு எரியுது. நூலகம் சார்பா ஒரு மரியாதைக் குழு அமைக்கிறோம். அவங்க வாக்குவாதத்தைப் படிச்சு, யார் எவ்வளவு நாகரிகமாப் பேசுறாங்கன்னு பத்துக்கு மதிப்பெண் போடணும். ஊர்ப் பத்திரிகையில வரும். நான், போதகர் எங்ஸ்ட்ரம், அப்புறம் நீங்க."

"நான் எதுக்கு?"

"நீங்க நடுவரா இருந்தவரு. பாரபட்சம் பாக்க மாட்டீங்க."

பாரபட்சமா, எனக்கா? வெர்ன் பெக்கலாவுக்குச் சுழியம் போடலாம் என்று நினைத்த மாத்திரத்தில் என் முழங்கால் வலி நின்றுவிட்டது.

"மார்லிஸ், என்னை மரியாதைக்கு நீதிபதி ஆக்கிட்டாங்க."

அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"உன்னையா?"

"என்ன உன்னையா?"

"ஒண்ணுமில்ல. சரி."

முதல் சுற்றில் செத்த மீனுக்காக வெர்னுக்கு இரண்டு மதிப்பெண் கிடைத்தது. அந்த இரண்டும் போதகர் இரக்கப்பட்டுக் கொடுத்தது. பத்திரிகையில் வந்த பக்கத்தை வெட்டி ஜன்னலில், எதிர்வீட்டைப் பார்த்தாற்போல, ஒட்டினேன். மறுநாள் வெர்ன் எங்கள் வீட்டுக்கு, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்ததாக மார்லிஸ் சொன்னாள். நான் அப்போது கடையில் இருந்தேன்.

"எதுக்கு வந்தான்?"

"சும்மா பேச. தேர்தல்ல தோத்துடுவோம்னு பயப்படுறாரு, பாவம்."

"பாவமா? திடல்ல தினம் காலைல சறுக்குற உங்க பொம்பளைங்க குழுவைப் பத்தி சபையில என்ன சொன்னான்னு மறந்துட்டியா? 'காலுக்குக் கத்தி கட்டின கிழட்டுக் கோழிங்க'ன்னான்."

"மறக்கல," என்று சொல்லிவிட்டு அவள் எனக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தாள். எதிரி வீட்டு ஆப்பிள் பை. நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு வெர்ன் ஊர்ப் பக்கத்தில் வாயே திறக்கவில்லை. மேயரம்மா சீண்டினாள், அவன் அசையவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. அயோக்கியன் திடீரென்று அமைதியானால் நியாயமான மனிதன் எங்கே போவான்? இறுதிச் சுற்றுக்கு ஒவ்வொரு வேட்பாளரும் தன்னுடைய வாக்குவாதம் ஒன்றைத் தானே கொடுக்கவேண்டும். வாக்குவாதமே இல்லாவிட்டால் நான் எதற்குச் சுழியம் போடுவது?

ஆகவே நானே ஒரு வாக்குவாதத்தைத் தயார் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். ஊர்ப் பக்கத்தில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். கள்ளக் கணக்குதான், ஆனால் பெயர் 'உண்மை விளம்பி'. படத்துக்கு ஒரு கழுகு. அவனைச் சீண்டினால் கத்துவான், கத்தினால் மாட்டுவான். இதுதான் திட்டம்.

முதல் பதிவு இப்படி: "ஏய் வெர்ன், திடலை இடிச்சு வண்டி நிறுத்தப் போறியே, முதல்ல உன் மூளையை எங்க நிறுத்தி வச்சேன்னு தேடு."

எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எதிர்வீட்டிலிருந்து கண்ணாடி உடையும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். பதில்தான் வந்தது.

"மதிப்பிற்குரிய உண்மை விளம்பி அவர்களுக்கு, தங்கள் அக்கறைக்கு நன்றி. திடல் மீது தங்களுக்கு உள்ள அன்பு ஒவ்வொரு எழுத்திலும் தெரிகிறது. மேலும் சொல்லுங்கள். காத்திருக்கிறேன். வெர்ன் பெக்கலா."

நான் மூன்று முறை படித்தேன். தாங்கள். அவர்கள். அன்பு. வெர்ன் பெக்கலாவுக்கு எழுத்துப் பிழை இல்லாமல் தன் பெயரே எழுத வராது.

"மார்லிஸ், இவனுக்கு உடம்பு சரியில்லைனு நெனைக்கிறேன்."

"யாருக்கு?" அவள் தன் கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"வெர்னுக்கு. யாரோ ஒருத்தன் திட்டியிருக்கான். இவன் நன்றி சொல்றான்."

"யாரோ ஒருத்தனா?"

"யாரோ ஒரு நல்ல மனுஷன்."

"சரி," என்றாள்.

அடுத்து நான் எழுதியது கொஞ்சம் காரமானது. அவன் மூளையிலிருந்து இறங்கி மூக்குக்கு வந்தேன். மூக்கிலிருந்து முன்னோர்களுக்குப் போனேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. நான் கடித்தால் அவன் தடவிக்கொடுத்தான். நான் 'திருட்டுப் பயலே' என்றால், 'தங்கள் கேள்வியின் சாரம் நகராட்சிச் செலவைப் பற்றியது என்று புரிந்துகொள்கிறேன்' என்பான். ஊர் மக்கள் கீழே வந்து எழுத ஆரம்பித்தார்கள். வெர்ன் எவ்வளவு மாறிவிட்டார். வெர்ன் எவ்வளவு பொறுமைசாலி. இந்த உண்மை விளம்பி யாரோ வெறிநாய் போலிருக்கிறதே.

வெறிநாய் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தது.

என் கோபம் வெறும் வெர்ன் மீதான கோபம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் ஊர்ச் சொத்தைப் பிடுங்குகிறான். பிடுங்கும்போது 'தாங்கள்' என்கிறான். ஊர் அவனைப் பாராட்டுகிறது. பறிகொடுத்தவன் கத்தினால், ஐயோ, என்ன பேச்சு இது என்கிறது. மரியாதைக்கு மதிப்பெண் உண்டு. பிடுங்கினதுக்கு மதிப்பெண் போட எந்தக் குழுவும் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மார்லிஸிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நீ சொல்றது நியாயம்தான்," என்றாள். இது அபூர்வம். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த உண்மை விளம்பி இவ்வளவு கத்தி என்ன வாங்கினான்?"

"என்ன வாங்கணும்? உண்மையைச் சொன்னான்."

"சரி."

இறுதிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வெர்னிடமிருந்து இப்படி ஒரு பதில் வந்தது. "திடலைப் பராமரிக்க ஆள் இல்லை, காலையில் பனி அள்ளுவதற்கு யாரும் வருவதில்லை என்பதுதான் நகராட்சியின் சங்கடம். தங்களைப் போன்ற ஆர்வலர்கள் இதற்கு என்ன வழி சொல்வீர்கள்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஆள் இல்லையா? நான் இருக்கேன்டா. குளிர்காலம் முழுக்க தினமும் காலைல நானே வந்து அள்ளுறேன். உனக்குத் திடலைக் காப்பாத்த முதுகெலும்பு இருக்கா, அதைச் சொல்லு," என்று எழுதிவிட்டு, கைபேசியைச் சோபாவில் எறிந்துவிட்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடுகிற ஹாட்டிஷ் சாப்பிடப் போனேன். மார்லிஸ் அன்று எனக்குப் பிடித்த மாதிரி மேலே மொறுமொறுவென்று செய்திருந்தாள். அந்த இரண்டு நாளும் ஏதேதோ வேலை வாங்கினாள். கொட்டகையை ஒழுங்குபண்ணு, கூரை வாய்க்காலைச் சுத்தம் செய். ஊர்ப் பக்கத்தைப் பார்க்கவே நேரமில்லை.

இறுதிக் கூட்டம் நூலக மண்டபத்தில். இடம் போதாமல் ஜன்னல் திண்டில்கூட ஆட்கள். மேடையில் நான், போதகர், ரொவீனா. முதல் வரிசையில் வெர்ன், தலைமுடியை ஈரமாக்கிச் சீவிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் மார்லிஸும் அவளுடைய காலைச் சறுக்குக் குழுப் பெண்களும்.

"வெர்ன் பெக்கலா கொடுத்திருக்கிற வாக்குவாதம், உண்மை விளம்பிங்கறவரோட நடந்தது," என்றாள் ரொவீனா. "ரெண்டு பேரையும் நாம மதிப்பிடப் போறோம். வெர்னோட வரிகளை நான் படிக்கிறேன். உண்மை விளம்பியோட வரிகளை... ஆரின், உங்களுக்குத்தான் குரல் பெருசு. நீங்க படிங்க."

மறுக்க வழியில்லை. தாளைக் கையில் வாங்கினேன். நான் எழுதியதை நானே, முந்நூறு முகங்களுக்கு முன்னால், வாய்விட்டுப் படித்தேன். என் வீட்டு நாற்காலியில் நெருப்பாக இருந்த வரிகள் எல்லாம் அங்கே நாறின. இருந்தாலும் பழக்கதோஷம், மூக்குப் பகுதி வந்தபோது தானாகவே குரல் உயர்ந்துவிட்டது.

"பிரமாதமாப் படிக்கிறீங்க," என்று போதகர் என் காதில் சொன்னார். "சொந்தமா எழுதின மாதிரியே இருக்கு."

முன்வரிசையில் வெர்ன் தன் பெயரில் ஒவ்வொரு 'தாங்கள்' வரும்போதும் அடக்கமாகத் தலையசைத்தான். அந்த அசைவைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். இதையெல்லாம் அவனே இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறானோ?

நான் பனி அள்ளும் வரியைப் படித்து முடித்தேன். முடிந்தது என்று தாளை வைக்கப் போனேன்.

"இன்னும் ஒரு பதில் இருக்கு," என்றாள் ரொவீனா. "இன்னிக்கு மதியம்தான் வெர்ன் எழுதியிருக்காரு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"மதிப்பிற்குரிய உண்மை விளம்பி அவர்களுக்கு, தங்கள் கோபம் நியாயமானது. என் தீர்மானம் தவறு. நான் பதவியில் இருக்கும்வரை அந்தத் திடலில் ஒரு வண்டியும் நிற்காது என்று ஊரறிய வாக்குக் கொடுக்கிறேன். காலைச் சறுக்குக் குழுப் பெண்களைப் பற்றி நான் சபையில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். தினமும் காலையில் பனி அள்ளுவதாகத் தாங்கள் கொடுத்த வாக்கை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். தங்கள் பணிவான, வெர்ன் பெக்கலா."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வெர்ன் மட்டும் எழவில்லை. அவன் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி ஈரத் தலைமுடி வரை போனது. 'நான் எழுதலை' என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் இத்தனை நாள் மரியாதையும் அவனுடையது இல்லை என்றாகிவிடும். மூடினான். பின்னாலிருந்து யாரோ அவன் தோளை மெதுவாகத் தட்டினார்கள். மார்லிஸ். அவன் எழுந்து ஊருக்குக் கும்பிடு போடுவதுபோல் குனிந்தான்.

"வெர்னுக்குப் பத்து," என்றார் போதகர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ரொவீனாவும் பத்து. நான் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பத்து என்றேன்.

"உண்மை விளம்பிக்கு?" என்றாள் ரொவீனா.

"வாக்குக் கொடுத்ததுக்காக ரெண்டு போடலாம்," என்றார் போதகர். "ஆனா இந்த ஆளைக் கட்டிக்கிட்டவங்க யாரா இருந்தாலும் சொர்க்கத்துல அவங்களுக்குத் தனி அறை உண்டு."

மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆரின், நீங்க?"

கூட்டம் என்னைப் பார்த்தது. இரக்கம் காட்டினால் சந்தேகப்படுவார்கள். "ஒண்ணு," என்றேன். "அதுவே அதிகம். இவனெல்லாம் மனுஷனா?"

பலத்த கைதட்டல். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான்.

"யாரு இந்த உண்மை விளம்பி?" என்று யாரோ கேட்டார்கள். மார்லிஸ் எழுந்தாள். நான் தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"யாரா இருந்தா என்னங்க?" என்றாள், தேன் போல. "வாக்குக் கொடுத்திருக்காரு. திடல் உறைஞ்சு முதல் பனி விழுற காலையில தானா வந்து நிக்கப்போறாரு. நாமெல்லாம் காபி எடுத்துட்டுப் போய் அவருக்கு நன்றி சொல்லலாம். அவர் வரலைன்னா பனி அள்ள ஆள் இல்லை, திடலை மூட வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன்.

"நீதானே?"

"எது நானு?"

"அந்த 'தாங்கள்' எல்லாம்."

"ஆமா. வெர்ன் அன்னிக்கு ஆப்பிள் பை எடுத்துட்டு வந்து கெஞ்சினாரு. மரியாதையா எழுதத் தெரியலை, எனக்காக எழுதித் தாங்கன்னு கடவுச்சொல்லைக் கொடுத்துட்டுப் போனாரு. மின்சாரக் கம்பெனியில புகார் ஃபோன் எடுத்தவதானே நான். நூலகத்துக்கு அனுப்பினதும் நான்தான். என்ன எழுதுறேன்னு அவர் படிச்சே பாக்கலை."

"உண்மை விளம்பி நான்னு எப்பத் தெரியும்?"

"முதல் வரியிலயே. 'மூளையை எங்க நிறுத்தி வச்சே'ன்னு வாரத்துக்கு ஒருதரம் என்னைக் கேக்கறியே."

நான் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப என்னை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? நீ திட்டத் திட்டத்தானே அவர் நல்லவரா தெரிஞ்சாரு. நல்லவரா தெரிஞ்சாத்தானே வாக்கை மீற முடியாது."

"உனக்குக் கோபமே வராதா, மார்லிஸ்? கிழட்டுக் கோழின்னானே, அவனைப் போய் 'பணிவான'ன்னு எழுத எப்படி முடிஞ்சுது?"

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். திரும்பியபோது அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன்.

"கோபம் வரலைன்னு யார் சொன்னா? உன்னைவிட எனக்கு ஜாஸ்தி. நீ கத்திட்டுப் போய்த் தூங்கிடறே. நான் கத்தறதில்லை, அதனால எனக்கு அது தீர்றதும் இல்லை. ஒவ்வொரு 'தாங்கள்' எழுதும்போதும் பல்லைக் கடிச்சதுல கடைவாய்ப் பல் ஆடுது. மரியாதைன்னா கோபம் இல்லாததுன்னு நெனச்சியா? அந்தாளை ஊர் முன்னாடி குனிய வைக்கணும்னு இருந்தேன். வச்சேன்."

எனக்கு முதல்முறையாக வெர்ன் பெக்கலா மீது இரக்கம் வந்தது.

"சரி, அவனைக் குனிய வச்சே. என்னை எதுக்குப் பனி அள்ள வச்சே?"

"ஆள் வேணுமே," என்றாள்.

வெர்ன் ஜெயித்தான். டிசம்பரில் திடல் உறைந்தது. முதல் பனி விழுந்த காலை விடியும் முன்பே நான் மண்வெட்டியோடு போனேன், யாரும் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று. பாதி ஊர் அங்கே காபியோடு நின்றது. போதகர் என்னைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், அப்புறம் பரிதாபமாக மார்லிஸைப் பார்த்தார். வெர்ன் ஓடிவந்தான்.

"நீயாடா அந்தக் கழுகு?"

"நீயாடா அந்தப் பணிவு?"

இருவரும் ஒரே நேரத்தில் மார்லிஸ் பக்கம் திரும்பினோம். அவள் கோழிப் படையோடு சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துச் சிரித்தாள். நான் பனி அள்ளப் போனேன், அவன் காபி ஊற்றப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது இடுப்பு இரண்டாகியிருந்தது. இனி இந்த வீட்டில் மரியாதையான எந்தச் சொல்லுக்கும் மசியப்போவதில்லை என்று மேஜையில் கையை ஊன்றி முடிவு செய்தேன். மார்லிஸ் எதிரே வந்து உட்கார்ந்தாள். காபியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆரின், தயவுசெய்து..." என்று ஆரம்பித்தாள்.

வாக்கியம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எங்கள் வாசலை அள்ளினேன், நடைபாதையை அள்ளினேன், எதற்கும் இருக்கட்டும் என்று வெர்ன் வீட்டு வாசலையும் அள்ளினேன்.

உள்ளே வந்தபிறகுதான் தெரிந்தது, அவள் கேட்க வந்தது சர்க்கரைக் கிண்ணத்தை.